கதவு சாத்தினதும் மணி என்ன செய்கிறான்?

செமஸ்டர் லீவு முடிந்து நீங்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பி மூன்று நாள் ஆகியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அம்மா ஒரு போட்டோ போடுகிறார். வாசல் கதவின் அடிப்பக்கம் பிறாண்டிப் பிறாண்டி வெளுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் உங்கள் பழைய செருப்பு துண்டு துண்டாக. கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "உன் நாய் பண்ணி வச்சிருக்கறதப் பாரு. நாங்க வேலைக்குப் போனா வேணும்னே பண்றான்." அதற்கு அப்பாவின் பதில் ஒரே வரி: "யாருக்காவது குடுத்துடலாம்."

அந்த "வேணும்னே" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது தப்பு என்று வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிட்டால், அப்பாவின் பதில் அவ்வளவு சீக்கிரம் வராது.

உங்கள் வீட்டு நாயின் பெயர் எதுவாகவும் இருக்கட்டும், இங்கே மணி என்று வைத்துக்கொள்வோம். லீவு முழுக்க மணிக்கு நீங்கள் இருபத்துநாலு மணி நேரமும் கிடைத்தீர்கள். மதியம் வரை தூங்கினீர்கள், அவனும் கட்டிலுக்குக் கீழே தூங்கினான். ராத்திரி ரெண்டு மணிக்கு நூடுல்ஸ் கிண்டினால் அதிலும் பங்கு (கொடுக்கக் கூடாது, ஆனா கொடுத்திருப்பீங்க). திடீரென்று ஒரு திங்கட்கிழமை காலை நீங்களும் இல்லை, அம்மா அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். எட்டு மணி நேரம் வெறும் வீடு. நீங்கள் வருவீர்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

இதற்குப் பெயர் செப்பரேஷன் ஆங்ஸைட்டி. தமிழில் பிரிவுப் பதற்றம் எனலாம். பிரிவுக்கென்று பாலைத் திணையையே ஒதுக்கி வைத்த மொழி நம்முடையது, நாய்க்கும் அதில் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

குழந்தைகள் அம்மாவோடு எப்படி ஒட்டியிருக்கின்றன என்று பார்க்க மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை முறை வைத்திருந்தார். புதிய அறை, அம்மா வெளியே போவார், அந்நியர் ஒருவர் உள்ளே வருவார், அம்மா திரும்பி வருவார், குழந்தை என்ன செய்கிறது என்று கவனிப்பார்கள். 1998-ல் ஹங்கேரியில் யோசெஃப் தோப்பால் குழுவினர் அதே சோதனையை 51 நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் வைத்துச் செய்தார்கள். நாய்கள் நடந்துகொண்ட விதம் குழந்தைகளுடையதைப் போலவே இருந்தது. உரிமையாளர் பக்கத்தில் இருந்தால் தைரியமாகச் சுற்றிப் பார்த்தன, விளையாடின. அவர் போனதும் கதவருகே போய் நின்றன. ஆக, மணி கதவைப் பிறாண்டுவது கோபத்தில் செய்கிற வேலை இல்லை. நீங்கள் போன வழியைத் திறக்கப் பார்க்கிறான்.

"தப்பு பண்ணினது அவனுக்கே தெரியுதே, நாங்க உள்ள வந்ததும் தலையத் தொங்கப் போடுறானே!" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. 14 நாய்கள். 'இதைத் தின்னாதே' என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். நாய் தின்றதா இல்லையா என்று திரும்பி வந்தவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொன்னார்கள். அந்தக் குற்றவுணர்ச்சி முகம், நாய் உண்மையிலேயே தின்றிருந்தபோது அதிகமாக வரவில்லை. உரிமையாளர் திட்டியபோதுதான் அதிகமாக வந்தது. தின்னாத நாயைத் திட்டினாலும் அதே முகம்தான். தலை தொங்குவது உங்கள் குரலுக்குப் பதில். காலை ஒன்பதரைக்குக் கடித்த கதவுக்கு மாலை ஆறு மணிக்கு அடி விழுந்தால், நாய் அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இவர்கள் வீட்டுக்கு வரும் நேரமும் ஆபத்தானது. பதற்றம் கூடத்தான் செய்யும்.

சரி, மணிக்கு இருப்பது பதற்றமா, வெறும் போரடிப்பா? ஊகிக்க வேண்டாம், டேட்டா எடுங்கள். டிராயரில் கிடக்கிற பழைய போனை வாசல் கதவு தெரியும்படி வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்புங்கள். போரடிக்கும் நாய் முதலில் ஒரு தூக்கம் போடும், அப்புறம் எழுந்து செருப்பைத் தேடும், கூரியர்காரர் வந்தால் குரைக்கும், அவர் போனதும் நிறுத்தும். பதற்றப்படும் நாய் நீங்கள் கிளம்புவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். கதவு சாத்திய சில நிமிடங்களுக்குள் ஊளை, நிற்காத நடை, வெயில் இல்லாமலே மூச்சிரைப்பு, ஒழுகும் எச்சில். வெளியே போய்ப் பழகிய நாய்கூட உள்ளேயே சிறுநீர் கழித்துவிடும். சேதமும் பெரும்பாலும் கதவு, ஜன்னல் பக்கமே இருக்கும். பெரிய துப்பு இன்னொன்று: அவனுக்கு உயிரான சிக்கன் துண்டை வைத்துவிட்டுப் போனாலும் நீங்கள் திரும்பும்வரை தொடாமல் இருப்பான். பயத்தில் பசி எடுக்காது. வைவா நாள் காலையில் மெஸ் இட்லி உள்ளே இறங்காது இல்லையா, அதேதான்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர்த் தொற்றிலும் நாய் வீட்டுக்குள் போகும். வயதான நாய் குழப்பத்தில் ஊளையிடலாம். தீபாவளி வெடிக்குப் பயந்து போன நாய் தனியாக இருக்கும்போது இன்னும் பயப்படலாம். அதனால் வீடியோவைக் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இனி சரிசெய்வது. இதற்கான முறை ஒன்றும் புதிதல்ல. நம்ம பாஷையில் சொன்னால், எட்டு மணி நேரத் தனிமையை ஸ்டெப் இன்புட்டாகக் கொடுத்தோம், சிஸ்டம் ஆடிப்போனது. இனி ரேம்ப்பாகக் கொடுக்க வேண்டும், அதுவும் மிகக் குறைந்த சரிவில். ஒரே விதி: நாய் பயப்படத் தொடங்கும் எல்லைக்குக் கீழேயே எப்போதும் இருக்க வேண்டும். 'கொஞ்சம் அழுதாலும் பழகிடும்' என்பது இங்கே எடுபடாது. ஒவ்வொரு தடவை பயப்படும்போதும் பயம்தான் பழகுகிறது.

முதலில் அறிகுறிகளை உடைக்க வேண்டும். பாவ்லோவின் நாய்களைப் பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். மெட்ரோனோம் சத்தம் கேட்டதும் சோறு வரும் என்று அந்த நாய்கள் கற்றுக்கொண்ட மாதிரி, பைக் சாவி சத்தம் கேட்டால் தனிமை வரும் என்று மணி கற்றுக்கொண்டிருக்கிறான். அந்த இணைப்பை அறுக்க, சாவியை எடுங்கள், மறுபடி சோபாவில் உட்காருங்கள். ஷூ போட்டுக்கொண்டு டிவி பாருங்கள். காலேஜ் பேக்கை மாட்டிக்கொண்டு கிச்சனில் தண்ணீர் குடியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. ஒரே மூச்சில் இருபது தடவை வேண்டாம். நாள் முழுக்க அங்கங்கே செய்யுங்கள். சாவி குலுங்கினாலும் மணி தலையைத் தூக்காமல் படுத்திருந்தால் அடுத்த கட்டம்.

அடுத்தது கதவு. எழுந்து கதவு வரை போய்த் திரும்புங்கள். தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத் திரும்புங்கள். திறந்து மூடுங்கள். பிறகுதான் வெளியே ஒரு கால் வைப்பது, அதுவும் ஒரே ஒரு விநாடி. அப்புறம் மூன்று, ஐந்து. உள்ளே என்ன நடக்கிறது என்பதை இரண்டு போன்களுக்கு நடுவில் வீடியோ கால் போட்டு, வெளியிலிருந்து பாருங்கள். அவன் எழுந்து கதவுக்கு வந்து மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பிப் போனால் சரி. அங்கேயே நின்று முனகத் தொடங்கினால் எல்லை தாண்டியாச்சு. அந்த நொடியே உள்ளே வந்து, அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். 'முனகினா உள்ள போகக் கூடாது, கெட்டுப்போயிடும்' என்பார்கள். இங்கே பிரச்சினை அடம் அல்ல, பயம். அதனால் அந்தக் கணக்கு பொருந்தாது.

நேரத்தைக் கூட்டும்போது ஏறுவரிசையில் மட்டும் போகாதீர்கள். 10 விநாடி, 4, 15, 7, 20, 5 என்று கலந்து கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கஷ்டம் என்று ஆனால், அதையும் நாய் கண்டுபிடித்துவிடும். ஒரு நாளைக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு விடுங்கள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்: தேதி, எத்தனை விநாடி, மணி என்ன செய்தான். லேப் ரெக்கார்டைவிட ஒழுங்காக எழுதுவீர்கள் என்று நம்புகிறேன். முதல் வாரம் முழுக்க ஒரு நிமிஷத்தைத் தாண்டாமல் போகலாம். அதைப் பார்த்து மனசு விட வேண்டாம். பதற்றம் பெரும்பாலும் முதல் அரை மணி முக்கால் மணிக்குள்தான் உச்சத்தைத் தொடும். அந்தக் கட்டத்தை அமைதியாகத் தாண்டக் கற்றுக்கொண்ட நாய்க்கு அதற்குப் பிறகு பதினைந்து நிமிஷம், அரை மணி என்று பெரிய தாவலாகவே கொடுக்க முடியும்.

கஷ்டமான பகுதி இனிமேல்தான். பயிற்சி நடக்கும் வாரங்களில் மணியை எல்லைக்கு மேல் தனியாக விடவே கூடாது. காலையில் 40 விநாடி அழகாகப் பழக்கிவிட்டு, பத்து மணிக்கு எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால், காலையில் செய்ததெல்லாம் வீண். 'அது எப்படிங்க முடியும், எல்லாரும் வேலைக்குப் போறோமே' என்று கேட்பீர்கள். அதனால்தான் இந்த வேலைக்குச் செமஸ்டர் லீவு சரியான நேரம் என்கிறேன். வீட்டில் சும்மா இருக்கும் ஒரே ஆள் நீங்கள்தான். லீவின் கடைசி நாள் அல்ல, முதல் வாரமே தொடங்குங்கள். அது முடிந்த பிறகு பாட்டி, மாடி வீட்டு அக்கா, டியூஷன் முடித்து வரும் சித்தி பையன் என்று ஆள் தேட வேண்டியிருக்கும். பல நாய்களுக்குப் பக்கத்தில் யாராவது ஒரு மனிதர் இருந்தாலே போதும். சில நாய்களுக்கு மட்டும் அந்த ஒருவர்தான் வேண்டும். மணி எந்த ரகம் என்பதை, உங்களைத் தவிர மற்றவர்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் ஒரு வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

பலர் சொல்லும் குறுக்கு வழிகள் சில. 'இன்னொரு நாய் வாங்கிடுங்க': அவன் ஏங்குவது மனிதருக்காக, அதனால் பெரும்பாலும் ஊளையிடும் நாய்கள் இரண்டாவதுதான் மிச்சம். கூண்டு: ஏற்கெனவே கூண்டை விரும்பும் நாய்க்குச் சரி, பயந்த நாய் கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். குரைத்தால் ஷாக் அடிக்கும் காலர்: சத்தம் நிற்கலாம், பயம் நிற்காது. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை, வாங்காதீர்கள். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கட்டிப் போடுவது: சித்திரை வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. பொம்மைக்குள் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுப்பது போரடிக்கும் நாய்க்கு நல்ல வழி, பதற்றத்தில் இருக்கும் நாய் அதைத் தொடாது. கொடுப்பதாக இருந்தால் டப்பாவில் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அந்த இனிப்பு நாய்க்கு விஷம்.

அடுக்குமாடியில் இருந்தால் அக்கம்பக்கத்துப் பிரச்சினையும் சேரும். குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் அதை பிரிண்ட் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போவதற்கு முன், எதிர்வீட்டுக்காரரிடம் "பழக்கிட்டு இருக்கோம் சார், ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கோங்க, ரொம்ப ஊளையிட்டா இந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவரே உங்களுக்கு ஒரு சென்சார் ஆகிவிடுவார்.

இத்தனை செய்தும் மணி ஐந்து விநாடிக்கு மேல் தாங்கவில்லை, அல்லது தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான் என்றால், மருந்தைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1998-ல் க்ளோமிப்ரமினையும் 2007-ல் ஃப்ளூவாக்ஸெட்டினையும் அனுமதித்தது. இரண்டுமே பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். மயங்கிக் கிடக்க வைப்பது இவற்றின் நோக்கமல்ல, கற்றுக்கொள்ளும் அளவுக்குப் பயத்தைக் குறைப்பதுதான். வீட்டு மாத்திரை டப்பாவில் இருப்பதை உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவோடு போங்கள்.

ஹாஸ்டலிலிருந்து வீடியோ கால் போட்டு மணியைக் கூப்பிடுவதைப் பற்றியும் ஒன்று. குரல் கேட்டுச் சில நாய்கள் வாலாட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும், சில நாய்கள் வீடு முழுக்க உங்களைத் தேடத் தொடங்கிவிடும். அதனால் முதல் கால் அம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான். கிளம்பும் நாளன்று அந்த நோட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசியாக எத்தனை நிமிஷத்தில் நிறுத்தினீர்கள் என்று அதில் இருக்கும். நீங்கள் இல்லாத வீடு மணிக்கு மறுபடி புதுசு, அதனால் அம்மா அந்த எண்ணின் பாதியிலிருந்து தொடங்கட்டும்.