கேமரன் மலை: காட்சியும் உழைப்பும்

நிலத்தை ஐவகையாகப் பகுத்துப் பார்த்தவர்கள் பழந்தமிழர். அவற்றுள் மலைநிலத்தைக் குறிஞ்சி என்று அழைத்தனர். மலேசியாவில் குறிஞ்சி நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கேமரன் மலைதான். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லையை ஒட்டி இம்மாவட்டம் அமைந்துள்ளது. இதன் பரப்பளவு ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர். பகாங்கின் மாவட்டங்களுள் இதுவே மிகச் சிறியது.

பள்ளி விடுமுறை வந்தால் இங்குக் கூட்டம் அலைமோதும். தேயிலைச் சரிவின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர், செம்புற்றுப்பழமும் கீரையும் வாங்குவர், மாலையில் மலையிறங்குவர். இரசிப்பதில் தவறில்லை. ஆயினும், அந்தப் பச்சைச் சரிவுகளை உருவாக்கியவர்கள் யார்? அந்த மலைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு அதே இடத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிவது இன்னும் பெருகும். அவ்விடைகளைத் தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

மலையேறும் பாதை

கேமரன் மலை பகாங்கைச் சேர்ந்ததாயினும், அதற்குச் செல்லும் பழைய சாலை பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்து தொடங்குகிறது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா நகருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையோரத்தில் லாத்தா இஸ்கந்தார் நீர்வீழ்ச்சி கொட்டுகிறது. செமாய் பூர்வக்குடி மக்களின் கிராமங்களும் வழியில் உள்ளன. இம்மலைக்கு வேறு எவரும் வருவதற்கு முன்பே காட்டின் மரம், மூலிகை, விலங்கு அனைத்தையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அவர்கள்.

மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. முதலில் ரிங்லெட், அடுத்துத் தானா ராத்தா, அதன்பின் பிரிஞ்சாங் என ஊர்கள் படிப்படியாக உயர்கின்றன. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மலாய்மொழியில் அப்பெயருக்குச் ‘சமதளம்’ என்று பொருள். ஈப்போவிற்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் மற்றொரு சாலையும் இப்போது உண்டு.

தோட்டம் உருவான வரலாறு

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்னும் ஆங்கிலேய நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்தார். அவர் பெயரே பின்னாளில் மலைக்கு வழங்கலாயிற்று. ஆனால், நீண்ட காலம் இங்குப் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. 1925ஆம் ஆண்டில் சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல் இம்மலையைப் பார்வையிட்டு, இதனைக் கோடைவாசத்தலமாக உருவாக்கலாம் என எடுத்துரைத்தார். அதன் பின்னரே தாப்பாவிலிருந்து சாலை அமைக்கும் பணி சூடுபிடித்தது.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னுடன் இணைந்து ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933ஆம் ஆண்டு அகர்வால் குடும்பத்தினர் ‘பாரத்’ தேயிலை நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இன்று நாம் காணும் தேயிலைச் சரிவுகளில் பெரும்பகுதி இவ்விரண்டு நிறுவனங்களுக்கும் உரியவை.

நிறுவனரின் பெயர் ஏடுகளில் நிலைத்துவிட்டது. காட்டை வெட்டியவர்களின் பெயர்களோ பெரும்பாலும் பதிவாகவில்லை. தொடக்க காலத்தில் தோட்டம் திறக்க ஒரு நீராவி உருளையும் சில கோவேறு கழுதைகளும்தாம் துணை நின்றன. எஞ்சிய வேலை முழுவதையும் மனிதக் கைகளே செய்தன. மரத்தை வெட்டிச் சாய்ப்பது, வேரைத் தோண்டுவது, சரிவின் போக்கிற்கு ஏற்ப நிரை பிடித்துக் குழி வெட்டுவது, நாற்று நடுவது என்று ஒவ்வொன்றும் செங்குத்தான சரிவில், கடுங்குளிரில் நடந்தது. அக்கைகளில் மிகுதியானவை தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களின் கைகள்.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டுவதில் கங்காணி முறை பெரும்பங்கு வகித்தது. தன் ஊருக்குச் சென்று, உற்றார் உறவினரை அழைத்து வருபவரே கங்காணி. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வகைத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குள் வந்து சேர்ந்தவர்கள் மலையையே தம் ஊராக்கிக் கொண்டனர். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், கிராணி கணக்கெழுதுவார், மண்டோர் வேலை பிரித்துக் கொடுப்பார். லயத்து வீடுகளுக்கு அருகே கோயில்கள் எழுந்தன. தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின. குறிஞ்சி நிலத்தின் தெய்வமாகிய முருகனுக்குப் பிரிஞ்சாங்கில் தெண்டாயுதபாணி ஆலயம் அமைந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பலர் கல்வி கற்று வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டனர். தேயிலை நிரைகளில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பணியாற்றுகின்றனர். ஒரு காலத்தில் நம் முன்னோர் வீட்டை விட்டுக் கடல் கடந்து வந்ததைப் போலவே இவர்களும் குடும்பத்தைப் பிரிந்து வந்திருக்கின்றனர்.

கொழுந்து முதல் கோப்பை வரை

பிரிஞ்சாங்கிற்கு அப்பாலுள்ள சுங்கை பாலாஸ் தோட்டத்தில் சுற்றுப்பயணிகளுக்கென மையம் ஒன்று உள்ளது. சரிவின்மேல் நீண்டு நிற்கும் அதன் மேடையிலிருந்து பார்த்தால், செடிகள் சீவிவிட்டாற்போல ஒரே மட்டத்தில் தெரியும். தேயிலை இயல்பாகவே இடுப்பளவில் நிற்கும் செடி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது மரம். வெட்டாமல் விட்டால் பல மீட்டர் உயரம் வளரும். கவாத்து செய்து, தொடர்ந்து கொழுந்து பறிப்பதனால்தான் அது பறிப்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கிறது. நாம் இரசிக்கும் அந்தச் சமமான பச்சைப் பரப்பு, ஓயாத வேலையின் அடையாளமாகும்.

தரமான தேயிலைக்கு ஒரு மொட்டும் இரண்டு இளந்தளிர்களும் கொண்ட நுனியைக் கிள்ள வேண்டும். முன்பு இதனை விரலால் செய்தனர். இப்போது பை பொருத்திய பெரிய கத்தரிகளும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் பொறிகளும் பயன்படுகின்றன. இருப்பினும், மிகச் செங்குத்தான சரிவுகளில் மனிதர் ஏறித்தான் ஆக வேண்டும். மூட்டையைச் சுமந்து இறங்கவும் வேண்டும். மழைக்காலத்தில் மண் வழுக்கும். வெயில் நேரத்தில் நிழல் கிடைக்காது.

பறித்த கொழுந்து அன்றே ஆலைக்குச் செல்கிறது. அங்கு முதலில் காற்றைச் செலுத்தி இலையை வாட வைக்கின்றனர். பிறகு அதனை உருட்டி நசுக்குகின்றனர். அப்போது இலைச்சாறு வெளிப்பட்டு உயிர்வளியுடன் சேர்கிறது. பச்சை இலை செம்பு நிறமாக மாறுவதும் தேநீருக்குரிய மணம் பிறப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இதனைப் புளிக்க வைத்தல் என்பர். சரியான நேரத்தில் சூடான காற்றைக் கொண்டு உலர்த்தி இம்மாற்றத்தை நிறுத்துகின்றனர். இறுதியாகச் சலித்துத் தரம் பிரிக்கின்றனர்.

ஏறத்தாழ ஐந்து கிலோகிராம் பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோகிராம் தேயிலைத்தூள் கிடைக்கிறது. ஒரு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கிராம் தூள் தேவை என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பத்து கிராம் கொழுந்து வேண்டும். ஒரு நுனியின் எடை ஒரு கிராமைக்கூட எட்டுவது அரிது. அப்படியானால், விரலால் பறித்த காலத்தில் நம் ஒரு கோப்பைக்காக ஒருவரின் கை பத்து முறைக்கும் மேலாகச் செடியைத் தொட்டிருக்கும். அடுத்த முறை ‘தே தாரிக்’ குடிக்கும்போது இக்கணக்கை எண்ணிப் பாருங்கள்.

மேகம் தவழும் பாசிக்காடு

சுங்கை பாலாஸ் தோட்டத்தைத் தாண்டிச் செல்லும் குறுகிய சாலை பிரிஞ்சாங் மலையுச்சியை நோக்கி ஏறுகிறது. இம்மலை 2,000 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட உயரமுடையது. உச்சியை நெருங்கும்போது தோட்டம் முடிந்து பாசிக்காடு தொடங்குகிறது. அங்கு மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. குட்டையாகவும் கோணலாகவும் வளைந்து நிற்கும் அவற்றின் தண்டு, கிளை, வேர் அனைத்தையும் பாசி போர்வைபோல் மூடியிருக்கிறது. கிளைகளில் காட்டு ஆர்க்கிட் மலர்கள் பூக்கின்றன. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் குடுவைத் தாவரங்களும் தொங்குகின்றன. மலாய்க்காரர்கள் அவற்றைக் ‘குரங்கின் பானை’ என்னும் பொருள்பட அழைக்கின்றனர்.

பாசிக்காட்டின் சிறப்பு அதன் அழகோடு முடிந்துவிடவில்லை. இங்கு மேகம் மரங்களுக்கிடையே தவழ்கிறது. மழை பெய்யாத நேரத்திலும் அந்த மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்துளிகள் பாசியில் படிகின்றன. தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் சிலவகைப் பாசிகளுக்கு உண்டு. பிடித்த நீரை அவை சிறிது சிறிதாக மண்ணுக்கு விடுகின்றன. பெருமழையின்போது வெள்ளத்தின் வேகத்தைக் குறைப்பதும், வறண்ட நாளில் ஓடைகளை வற்றாமல் காப்பதும் இக்காடுகளே. மலையில் ஓடும் பெர்த்தாம், தெலோம் ஆறுகள் ஜெலாய் ஆற்றின் வழியே பகாங் ஆற்றை அடைகின்றன. பாசி பிடித்து வைத்த துளிகள் கடைசியில் தென்சீனக் கடல் வரை செல்கின்றன.

மலை தாங்கும் சுமை

உலகின் வேறு மலைகளிலும் இத்தகைய சுற்றுலா உண்டு. மெக்சிகோ நாட்டின் வெராகுருஸ் மாநிலத்தில் கோவாத்தேபெக், சிக்கோ என்னும் ஊர்களைச் சுற்றிக் காப்பி விளைகிறது. அங்குச் செல்பவர்கள் காப்பித் தோட்டங்களையும் தெசோலோ நீர்வீழ்ச்சியையும் கண்டு மகிழ்கின்றனர். அங்கே காப்பிச் செடிகள் பலவும் பெரிய மரங்களின் நிழலில் வளர்வதால், தோட்டத்திற்குள்ளேயே காட்டின் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. கேமரன் மலைத் தேயிலையோ திறந்த வெளியில் வளர்கிறது. ஆகவே, இங்குத் தோட்டத்திற்கு மேலேயுள்ள காடு காக்கப்படுவது இன்னும் இன்றியமையாதது.

நன்கு வளர்ந்த தேயிலைச் செடி ஓரளவு மண்ணைப் பிடித்து வைக்கும். ஆனால், கட்டடங்களுக்காகவும் காய்கறிப் பயிருக்காகவும் சரிவுகளை மொட்டையடித்தால் மழைநீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடும். அம்மண் ஆறுகளிலும் ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பாக்கார் அணையிலும் படிந்து, நீர் தேங்கும் இடத்தைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் கனமழையால் அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வீடுகளை அழித்து உயிர்களையும் பலிகொண்டது. மேலே வெட்டப்பட்ட காட்டின் விலையைக் கீழே வாழ்பவர்களும் செலுத்த நேரிடுகிறது என்பதை அந்நாள் உணர்த்தியது.

நல்ல பயணியின் கடமை

கேமரன் மலைக்குச் செல்பவர் என்ன செய்யலாம்? பாசிக்காட்டில் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்காமல் நடக்கலாம். ஒரு காலடியில் நசுங்கும் பாசி மீண்டும் வளர நெடுங்காலம் பிடிக்கும். குடுவைத் தாவரத்தையும் ஆர்க்கிட்டையும் பறிக்காமல் இருக்கலாம்; அவற்றைச் சாலையோரத்தில் விற்றாலும் வாங்காமல் வரலாம். நெகிழிப் புட்டிகளை நம்மோடு திரும்பக் கொண்டுவரலாம். தேயிலை நிரையில் வேலை செய்பவரைப் படம் பிடிக்கும் முன் அவருடைய அனுமதியைக் கேட்கலாம். அவருக்கு ஒரு வணக்கம் சொல்லலாம்.

இவை சிறிய செயல்களாகத் தோன்றலாம். ஆயினும், ஆண்டுதோறும் எண்ணற்றோர் ஏறிவரும் மலையில் ஒவ்வொருவரின் செயலும் சேர்ந்து பெரிதாகிறது. நம் குடும்பத்தில் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா, பாட்டி இருந்தால், பயணத்திற்கு முன் அவர்களிடம் பேசுங்கள். பெரட்டுக்களத்தையும் லயத்தையும் பற்றி அவர்கள் கூறுவதை எழுதி வையுங்கள். பெயர் பதிவாகாமல் போன உழைப்பாளிகளின் வரலாற்றில் ஒரு பக்கத்தையாவது நம்மால் எழுத முடியும்.

அருஞ்சொற்பொருள்

கவாத்து – செடியின் கிளைகளை அளவாக வெட்டிவிடுதல்
நிரை – வரிசை
பெரட்டுக்களம் – தோட்டத் தொழிலாளர்கள் வேலைக்கு முன் ஒன்றுகூடும் இடம்
கிராணி – தோட்டத்துக் கணக்கர்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்
நெகிழி – பிளாஸ்டிக்

கருத்துணர் கேள்விகள்

1. தேயிலைச் செடிகள் ஒரே மட்டத்தில் காணப்படுவதற்குக் காரணம் யாது?
2. கொழுந்து தேயிலைத்தூளாக மாறும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.
3. பாசிக்காடு வெள்ளத்தையும் வறட்சியையும் எவ்வாறு தணிக்கிறது?
4. ‘நிறுவனரின் பெயர் ஏடுகளில் நிலைத்துவிட்டது’ என்னும் வரியின் வழி ஆசிரியர் உணர்த்த விரும்பும் கருத்து யாது?
5. சுற்றுலாத்துறை வளர வேண்டும். காடும் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ நீ முன்வைக்கும் இரண்டு வழிகளைக் காரணத்துடன் விளக்குக.