மென்மையான சப்பாத்தி: மாவுக்கு வேண்டிய நீரும் அடுப்புக்கு வேண்டிய தீயும்



திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியை அடுத்துள்ள முத்தாபுதுப்பேட்டை, விமானப்படை நிலையம் அமைந்த ஊராகும். பணியின் பொருட்டுப் பல மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்கள் இப்பகுதியில் வசித்து வருகின்றன. அவர்கள் வீட்டில் சப்பாத்தி அன்றாட உணவு. நெல் விளையும் நம் சிற்றூர்களிலோ அது பிற்பாடு வந்து சேர்ந்த உணவு. இன்று பல வீடுகளில் இரவு வேளைக்குச் சோற்றுக்குப் பதிலாகச் சப்பாத்தி இடம்பெறுகிறது. ஆனால் ஒரு குறை மட்டும் பரவலாகக் கேட்கப்படுகிறது: "சுட்டவுடன் நன்றாக இருக்கிறது, சற்று நேரத்தில் அப்பளம்போல் விறைத்துவிடுகிறது."

இது சிறு குறையன்று. விடியற்காலையில் சுட்டு வயலுக்கு எடுத்துச் சென்ற சப்பாத்தி, நண்பகலில் பிய்க்க வராமல் போனால் உழைப்பவருக்கு அரை வயிறுதான். நீரிழிவு காரணமாகச் சோற்றைக் குறைத்துக்கொண்ட முதியவர், மெல்ல முடியாமல் மீண்டும் சோற்றுக்கே திரும்பிவிடுவார். பிள்ளைகள் கடைப் பரோட்டாவை நாடுவர். இத்தனைக்கும் "உனக்குக் கைப்பக்குவம் வரவில்லை" என்று அடுப்படியில் நிற்பவரையே குறை கூறுவது வழக்கமாக உள்ளது. உண்மையில் சப்பாத்தியின் மென்மை பெரும்பாலும் நீரைப் பொறுத்தது. மாவு போதிய நீரைக் குடிக்க வேண்டும். குடித்த நீரை அடுப்பில் இழந்துவிடக் கூடாது. இவ்விரண்டையும் கவனித்தால் எவருக்கும் சப்பாத்தி மென்மையாக அமையும்.

கோதுமை மாவின் தன்மை

கோதுமையில் உள்ள ஒருவகைப் புரதம் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இழுவையுள்ள பசைபோல் ஆகிறது. இதனைப் பசைப்புரதம் எனலாம். இது மாவு முழுவதும் வலைபோல் பின்னிக்கொண்டு, மாவுச்சத்தையும் நீரையும் தாங்கிப் பிடிக்கிறது. சுடும்போது உள்ளே உண்டாகும் நீராவியை இந்த வலை வெளியே விடாமல் அடக்குவதால்தான் சப்பாத்தி உப்புகிறது.

இதனை நீங்களே கண்டறியலாம். எலுமிச்சம்பழ அளவு பிசைந்த கோதுமை மாவை அரை மணி நேரம் வைத்திருந்து, பின் ஒரு கிண்ண நீரில் மெல்லக் கசக்கிக் கழுவுங்கள். வெண்மையான மாவுச்சத்து நீரில் கரைந்து போகும். கையில் இழுத்தால் நீளும் பசை எஞ்சும். அரிசி மாவிலோ கேழ்வரகு மாவிலோ இவ்வாறு பசை எஞ்சாது. அரிசி மாவு கலந்த கோதுமை மாவில் சப்பாத்தி விண்டு போவதற்கு இதுவே காரணம்.

கோதுமையைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல சப்பாத்திக்கு எல்லாக் கோதுமையும் ஒரே மாதிரி உதவுவதில்லை. இந்த வேறுபாடு நம் நாட்டின் வேளாண் வரலாற்றிலேயே இடம் பெற்றுள்ளது. 1965-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சி 306 என்ற உயரமான இரகம் சப்பாத்தித் தரத்திற்குப் புகழ் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் மெக்சிகோ நாட்டிலிருந்து குட்டை இரகங்களான லெர்மா ரோஹோ, சொனோரா 64 ஆகியவை தருவிக்கப்பட்டன. 1966-இல் மட்டும் 18,000 டன் விதை இறக்குமதியாயிற்று. அவை அதிக மகசூல் கொடுத்தன. ஆனால் தானியம் சிவப்பு நிறமாக இருந்தது. பொன்னிறக் கோதுமையில் சப்பாத்தி சுட்டுப் பழகிய மக்கள் அதை விரும்பவில்லை.

எனவே விஞ்ஞானிகள் மகசூலோடு நிறத்தையும் தரத்தையும் கருத்தில் கொள்ள வேண்டியதாயிற்று. கல்யாண் சோனா, சோனாலிகா போன்ற பொன்னிற இரகங்கள் வந்தன. புது தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் சொனோரா 64-இன் விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, சர்பதி சொனோரா என்ற பொன்னிற இரகம் உருவாக்கப்பட்டது. இப்பணியில் முன்னின்றவர் கும்பகோணத்தில் பிறந்து, கோவை வேளாண்மைக் கல்லூரியில் பயின்ற டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆவார். உண்பவர் தட்டில் ஏற்கப்படாத இரகம் வயலிலும் நிலைக்காது என்பதற்கு இது நல்ல சான்று.

கடையில் வாங்கும்போது பருத்த, பொன்னிறமான, கடித்தால் கடினமாக உடையும் மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். சுருங்கிய மணி, வண்டு துளைத்த மணி, பூசண வாடை உள்ள மணி ஆகியவற்றைத் தவிர்க்கவும். நீலகிரியில் தொன்றுதொட்டுப் பயிரிடப்பட்டு வரும் சம்பா கோதுமை ரவை, கஞ்சி, அல்வா ஆகியவற்றிற்கு மிக ஏற்றது. ஆனால் அதன் பசைப்புரதம் இழுவை குறைந்தது. ஆகவே சப்பாத்திக்கு அதைத் தனியாகப் பயன்படுத்தாமல் சாதாரணக் கோதுமையுடன் கலந்து அரைப்பது நலம்.

அரைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. நியாய விலைக் கடைக் கோதுமையானாலும் வெளிக்கடைக் கோதுமையானாலும் கல், தூசி நீக்கிக் கழுவி, நிழலும் வெயிலுமாக உலர்த்தவும். கடித்தால் 'கடுக்'கென உடைய வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கட்டி தட்டிப் புளித்த வாடை வீசும்.

2. மாவு மில்லில் உங்களுக்கு முன் அரிசியோ மிளகாயோ அரைக்கப்பட்டிருந்தால் அதன் மிச்சம் உங்கள் மாவில் கலக்கும். கோதுமை அரைத்த பின் கோதுமை அரைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். இயலாவிடில், முதலில் விழும் இரண்டு கைப்பிடி மாவைத் தனியே பிடித்துக் கூழுக்கோ மாட்டுத் தீவனத்திற்கோ பயன்படுத்துங்கள்.

3. நைசாக அரைக்கச் சொல்லவும். கொரகொரப்பான மாவு நீரை மெதுவாகக் குடிக்கும், தேய்க்கும்போது கிழியும்.

4. அரைத்த மாவு சூடாக இருக்கும். அதைத் தாளில் பரப்பி ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடைக்கவும்.

5. முழுக் கோதுமை மாவில் முளைப்பகுதியின் எண்ணெய் உள்ளதால் நாளடைவில் கசப்பேறும். மூன்று, நான்கு வாரத் தேவைக்கு மட்டும் அரைத்துக்கொள்வது சிறந்தது.

6. கண் பெரிய சல்லடையில் சலித்தாலே போதும். தவிடு முழுவதையும் நீக்கிவிட்டால் நார்ச்சத்தும் உயிர்ச்சத்தும் குறைந்துவிடும்.

தேவையான பொருட்கள் (10 சப்பாத்திக்கு)

கோதுமை மாவு: 250 கிராம்
நீர்: 165 முதல் 175 மி.லி. வரை (கால் லிட்டர் டம்ளரில் முக்கால் டம்ளருக்குச் சற்றுக் குறைவு)
உப்பு: அரைத் தேக்கரண்டி
எண்ணெய்: ஒரு தேக்கரண்டி
தூவுவதற்கு மாவு: சிறிதளவு

சமையல் சோடா தேவையில்லை. விரும்பினால் நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பால் அல்லது கடைந்த தயிர் சேர்க்கலாம்.

பிசைதலும் ஊறவைத்தலும்

மாவில் உப்பைக் கலந்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரை மூன்று, நான்கு தடவையாகச் சேர்க்கவும். மேட்டு நிலத்திற்கு நீர் பாய்ச்சும்போது ஒரேயடியாக மடை திறந்தால் நீர் ஓடிவிடும்; நிறுத்தி நிறுத்திப் பாய்ச்சினால் மண் உறிஞ்சும். மாவும் அவ்வாறே. மாவு ஒன்று சேர்ந்ததும் பத்து நிமிடம் மூடி வைத்துவிடுங்கள். இதற்குள் மாவு நீரைக் குடித்து, பிசைவதற்கு எளிதாகிவிடும். கை வலியும் குறையும். பிறகு எண்ணெய் சேர்த்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்தி, மடித்து, ஐந்து முதல் ஏழு நிமிடம் பிசையவும்.

தொடக்கத்தில் மாவு கையில் சற்று ஒட்டலாம். அப்போது உலர்ந்த மாவை அள்ளிப் போடுவதே பலரும் செய்யும் தவறு. சப்பாத்தி விறைப்பதற்கான முதற் காரணம் அங்கேயே ஏற்பட்டுவிடுகிறது. பொறுமையாகப் பிசைந்தால் ஒட்டுதல் தானே நீங்கும். காது மடலைத் தொட்டுப் பாருங்கள். பிசைந்த மாவும் அம்மென்மை பெற வேண்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக மேலெழ வேண்டும்.

ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் வைக்கவும். பிசையும்போது முறுக்கேறிய பசைப்புரதம் இந்நேரத்தில் தளர்வதால், தேய்க்கும்போது மாவு சுருங்காமல் விரியும்.

தேய்த்தல்

மாவைப் பத்துச் சம உருண்டைகளாக உருட்டி மூடி வைக்கவும். ஒவ்வொன்றாக எடுத்துச் சிறிது மாவில் புரட்டி, கட்டையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்க்கவும். 15 முதல் 17 செ.மீ. அகலம் போதுமானது. வட்டமாக வருவதைவிட எங்கும் ஒரே கனமாக வருவதே முக்கியம். ஓரிடம் மெல்லியதானால் அங்கே நீராவி வெளியேறிவிடும், சப்பாத்தி உப்பாது. மேலே ஒட்டிய உலர் மாவைத் தட்டி உதறிவிட்டுக் கல்லில் இடவும்.

சுடுதல்

தோசைக்கல்லை முதலில் நன்றாகக் காய வைக்கவும். சிறிது மாவைத் தூவினால் சில நொடிகளில் பழுப்பாக வேண்டும். அதுவே தக்க பதம். உடனே கருகினால் சூடு மிகுதி.

சப்பாத்தியை இட்டு, சிறு கொப்புளங்கள் தோன்றியதும், அதாவது 15 முதல் 20 நொடிகளில், திருப்பவும். இரண்டாம் பக்கம் அரை நிமிடம் வேகட்டும். பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் மீண்டும் திருப்பி, மடித்த துணியால் விளிம்புகளை மெல்ல அழுத்தினால் உப்பி எழும். இடுக்கியால் எடுத்து நேரே எரிவாயுத் தீயில் சில நொடிகள் காட்டியும் உப்ப வைக்கலாம். விறகு அடுப்பாயின் புகையில்லாத தணல் உகந்தது. மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்திற்குள் சப்பாத்தி கல்லைவிட்டு வந்துவிட வேண்டும்.

கருகிவிடும் என்று அஞ்சிச் சிறு தீயில் நெடுநேரம் வைப்பது கூடாது. அது சுடுவதாகாது, உலர்த்துவதேயாகும்.

காத்து வைத்தல்

சுட்ட சப்பாத்தியை உடனே பருத்தித் துணியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிப் போர்த்தவும். இரண்டு நிமிடம் ஆவி தணிந்ததும், துணியுடன் டப்பாவில் வைத்து மூடவும். துணியின்றி மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டி அடிச் சப்பாத்தி நைந்துவிடும். திறந்து வைத்தால் காற்று ஈரத்தை இழுத்துவிடும். வயலுக்கு எடுத்துச் செல்லும்போது குழம்பைத் தனியாக எடுத்துச் செல்லவும்.

சுட்ட சப்பாத்தியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட விரைவில் விறைக்கும். பிசைந்த மாவை வேண்டுமானால் மூடிய டப்பாவில் ஒரு நாள் வைக்கலாம்.

ஒரு சிறு சோதனை

மேற்கூறியவற்றை அப்படியே நம்ப வேண்டியதில்லை, செய்து பாருங்கள். ஒரே மாவில் சம அளவாக இரண்டு சப்பாத்தி தேய்த்து, ஒன்றை நன்கு காய்ந்த கல்லில் இரண்டு நிமிடத்திற்குள் எடுங்கள். மற்றதைச் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். இரண்டையும் தனித்தனித் துணியில் சுற்றி வைத்து, ஆறு மணி நேரம் கழித்து நான்காக மடித்துப் பாருங்கள். எது மடிகிறது, எது முறிகிறது என்பதைக் கண்டபின் வேறு விளக்கம் வேண்டாம்.

குறைகளும் நிவர்த்தியும்

விளிம்பு மட்டும் விறைப்பு: விளிம்பு மெல்லியதாகிவிட்டது. சீராகத் தேய்க்கவும்.

உப்பாமல் இருத்தல்: கல் போதிய அளவு காயவில்லை, அல்லது மாவு கிழிந்துள்ளது.

தேய்க்கும்போது சுருங்குதல்: ஊறிய நேரம் போதாது. மேலும் கால் மணி நேரம் வைக்கவும்.

விண்டு உதிர்தல்: வேறு மாவு கலந்துள்ளது, அல்லது நீர் குறைவு.

மேலே வெள்ளைப் படலம், தொண்டையில் வறட்சி: தூவிய மாவு அதிகம்.

கேழ்வரகு, சோளம் சேர்க்க விரும்புவோருக்கு

சொந்த நிலத்தில் விளைந்த கேழ்வரகு, சோளம் ஆகியவற்றின் மாவை மொத்த மாவில் நான்கில் ஒரு பங்கு வரை சேர்த்து இதே முறையில் சப்பாத்தி செய்யலாம். அதற்கு மேல் சேர்த்தால் பசைப்புரதம் போதாது. தனிச் சோள ரொட்டிக்கு வழி வேறு. கொதிக்கும் நீரை மாவில் ஊற்றிக் கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் பதத்தில் பிசைய வேண்டும். கொதிநீரில் மாவுச்சத்து ஓரளவு வெந்து பசையாகி, இல்லாத பசைப்புரதத்தின் வேலையைச் செய்கிறது. அதைக் கட்டையால் தேய்க்காமல் கையால் தட்டிச் சுடுவதே எளிது.

உண்ணும் அளவு

மேற்கண்ட அளவில் ஒரு சப்பாத்தியில் 25 கிராம் மாவு உள்ளது. இதில் மாவுச்சத்து ஏறத்தாழ 17 கிராம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் சப்பாத்தி என்பதற்காக எண்ணாமல் உண்ணலாகாது. மருத்துவர் கூறிய எண்ணிக்கையை மேற்கொண்டு, உடன் பருப்பும் கீரையும் தோட்டத்துக் காயும் சேர்த்துக்கொள்வது நன்று.

முதல் நாள் அளவு சற்று முன்பின் ஆகலாம். உங்கள் மாவு எவ்வளவு நீர் குடிக்கிறது என்பதை ஒருமுறை டம்ளரால் அளந்து, டப்பாவின் மேல் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வீட்டில் யார் பிசைந்தாலும் பக்குவம் தவறாது. ஆண்களும் பிள்ளைகளும் கை கொடுத்தால் அரை மணி நேர ஊறலுக்கும் பொழுது கிடைக்கும். நண்பகலில் வயலில் பிரிக்கும் சப்பாத்தியும் மென்மையாக இருக்கும்.