குளிருக்கு அஞ்சாத செடிக்கு ஒரு குடை

லண்டனில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அக்டோபர் பிறந்தால் ஒரே கவலைதான்: கறிவேப்பிலைத் தொட்டியை எப்போது வீட்டுக்குள் தூக்கி வைப்பது? எங்கள் வீட்டிலும் அது நடக்கும். அந்த வேலை முடிந்த கையோடு பின்முற்றத்தில் இன்னொரு வேலையும் உண்டு. அங்கிருக்கும் கல்தொட்டியின் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பலகையைச் சற்றே சாய்வாகப் போட்டு, காற்றில் பறக்காமல் பாரம் ஏற்றிவிடுவேன். நான்கு பக்கமும் திறந்தே இருக்கும். உறைபனி தாராளமாக உள்ளே வரலாம். மழைக்குத்தான் அனுமதி இல்லை.

அந்தத் தொட்டியில் இருப்பவை சாக்ஸிஃப்ரேஜ் செடிகள். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் பாறை இடுக்குகளில் வாழும் கையகலச் செடிகள். மலையில் இவை பனிக்காலத்தைப் பனிப்போர்வைக்கு அடியில் கழிக்கின்றன. அங்கே வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே நிற்கும். தண்ணீர் முழுவதும் உறைந்து கிடப்பதால் வேருக்கும் இலைக்கும் ஈரம் எட்டாது. மாதக்கணக்கில் நல்ல உறக்கம். லண்டன் பனிக்காலம் அப்படியல்ல. ஐந்து டிகிரி, எட்டு டிகிரி என்று அரைகுறைக் குளிர், விடாத தூறல். செடி முழுதாக உறங்கவும் முடியாது, வளரவும் முடியாது. இலைக்கொத்தின் நடுவில் தேங்கிய நீர் வடியாமல் நின்று, பிப்ரவரிக்குள் குருத்து அழுகிவிடும். பராமரிப்பு பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே ஏறக்குறைய இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவைதான்.

எதை வாங்குவது?

சாக்ஸிஃப்ரேஜ் பேரினம் பெரியது. நானூறுக்கும் மேற்பட்ட இனங்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். ஊதாப்பூப் பூக்கும் சாக்ஸிஃப்ராகா ஒப்போசிடிஃபோலியா என்ற இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் சுவிட்சர்லாந்தின் டோம் சிகரத்தில் 4,505 மீட்டர் உயரத்தில் இதைக் கண்டு பதிவு செய்தார்கள். ஐரோப்பாவில் இவ்வளவு உயரத்தில் வேறு பூச்செடி காணப்பட்டதில்லை. அப்பேர்ப்பட்ட வீரன் தென் இங்கிலாந்தின் வெதுவெதுப்பான தாழ்நிலத்தில் முகம் சுளிக்கும். ஸ்காட்லாந்து நண்பர்கள் வளர்க்கட்டும்.

முதல் செடிக்கு நான் பரிந்துரைப்பது சாக்ஸிஃப்ராகா பனிகுலாட்டா. சாம்பல் பச்சை இலைக்கொத்துகள் நெருக்கமாகப் பரவும். மே, ஜூனில் மெல்லிய தண்டில் வெண்பூக்கள் எழும்பும். சின்னஞ்சிறு வடிவம் வேண்டுமானால் ‘பால்டென்சிஸ்’ என்று கேளுங்கள். இது கைக்குப் பழகிய பிறகு, பிப்ரவரி, மார்ச்சிலேயே பூக்கும் கப்ஷியா வகைக்குப் போகலாம். மெத்தை போல இறுகி வளரும் இவற்றில் ‘ஜென்கின்சியே’ இளஞ்சிவப்பில் பூப்பது, மற்றவற்றைவிடப் பொறுமைசாலி.

வாங்கும்போது பூவை விட்டுவிட்டு இலைக்கொத்தின் அடியைப் பாருங்கள். நடுக்குருத்து இறுகி இருக்க வேண்டும். தொட்டி மேல் பச்சைப்பாசி தடித்திருந்தால் அந்தச் செடி நீண்டநாள் ஈரத்தில் நின்றிருக்கிறது என்று பொருள். பெரிய கடைகளைவிட, ஆல்பைன் கார்டன் சொசைட்டி நடத்தும் கண்காட்சிகளில் சிறு நாற்றங்கால்காரர்கள் கொண்டுவரும் செடிகள் மேல். 1929இல் தொடங்கிய சங்கம் அது. ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்கு 1933 முதல் ஸ்காட்டிஷ் ராக் கார்டன் கிளப் இருக்கிறது. இரண்டிலும் உறுப்பினர்களுக்குள் விதைப் பரிமாற்றம் உண்டு.

இலை ஓரத்து வெள்ளைப் பொட்டு

பனிகுலாட்டா இலையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். விளிம்பில் ரம்பப் பல் போன்ற சிறு பற்கள். ஒவ்வொரு பல்லின் அடியிலும் ஊசிமுனைக் குழி. அதை மூடியபடி ஒரு வெள்ளைப் பொட்டு. நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்து வரும். வேர் உறிஞ்சிய நீரில் மிஞ்சியதைச் செடி இந்தக் குழி வழியாகக் கசியவிடுகிறது. நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் தங்கிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் இந்தப் படிவத்தை ஆராய்ந்தபோது, சில இனங்களில் வாட்டரைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார்கள். பூமியில் இயற்கையாக அரிதாகவே கிடைக்கும் பொருள் அது.

இதில் நமக்குப் பாடம் இரண்டு. முதலாவது, வெள்ளையைக் கண்டதும் மாவுப்பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய்க் குப்பியைத் தூக்காதீர்கள். வெள்ளைப் பொட்டு தெளிவாக இருந்தால் செடி நலமாக இருக்கிறது. இரண்டாவது, கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே என்று நாம் அலுத்துக்கொள்ளும் லண்டன் குழாய்த்தண்ணீர் இந்த வகைக்கு ஒத்துப்போகும். கமீலியாவுக்கும் ரோடோடெண்ட்ரானுக்கும்தான் மழைநீர் சேமிக்க வேண்டும்; இதற்கு வேண்டியதில்லை.

தொட்டியும் மண்ணும்

பழைய பண்ணைகளில் கால்நடை தண்ணீர் குடித்த கல்தொட்டிகளில் மலைச்செடி வளர்க்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர் நாற்றங்கால்காரர் கிளாரன்ஸ் எலியட். முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலம் அது. இன்று அசல் கல்தொட்டியின் விலை கேட்டால் தலை சுற்றும். சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, பீட் இரண்டு பங்கு கலந்து வீட்டிலேயே வார்க்கலாம். பீட்டுக்காகச் சதுப்புநிலத்தை வெட்டுவது கூடாது என்பதால் இப்போது பலரும் தென்னந்தும்புத் தூள் சேர்க்கிறார்கள். இலங்கையிலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் வரும் அதே தும்புத்தூள்தான். வார்த்த தொட்டியைச் சில வாரம் மழையில் விட்டுச் சிமெண்டின் காரம் போன பிறகே நட வேண்டும். அடியில் பெரிய துளை கட்டாயம். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றி வையுங்கள்.

என் கலவை இது: ஜான் இன்னெஸ் இரண்டாம் எண் மண்கலவை ஒரு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் பொடிச்சல்லி இரண்டு பங்கு. கட்டட வேலைக்கான மென்மணலைச் சேர்த்தால் மண்ணின் இடைவெளிகள் அடைத்துக்கொள்ளும். கலவையைத் தொட்டியில் நிரப்பி ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே தேங்கி நின்று யோசித்து யோசித்து இறங்கினால் இன்னும் சல்லி வேண்டும். ஊற்றிய கையை எடுப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும்.

நடும்போது பலர் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. கடைத்தொட்டியிலிருந்து எடுத்த செடியின் வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு கட்டி இருக்கும். அதோடு சேர்த்துச் சல்லிமண்ணில் நட்டால், சுற்றிலும் காய்ந்தாலும் அந்தக் கட்டி மட்டும் ஈரம் பிடித்து நிற்கும். ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டாலோ மறுபடி நனையாது. ஆகவே வாளித்தண்ணீரில் வேரை அலசி, கட்டியை விரலால் மெல்லக் கரைத்துவிட்டு, வெறும் வேரை விரித்து நடுங்கள். ஏப்ரல் இதற்கு நல்ல மாதம். நட்டபின் இலைக்கொத்துக்கு அடியில், கழுத்தைச் சுற்றி, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சல்லியைத் திணித்துவிடுங்கள். கீழ் இலைகள் ஈரமண்ணைத் தொடவே கூடாது.

கல் வைப்பதிலும் முறை உண்டு. கண்டபடி கல்லைக் குத்தி வைக்கும் ராக்கரிகளை ரெஜினால்ட் ஃபாரர் 1907இல் வந்த தன் நூலிலேயே கிண்டலடித்தார். பிரிட்டனில் பாறைத்தோட்டத்துக்கு ஆசான் என்றால் அவர்தான். 1920இல் மேல் பர்மாவில் செடி தேடிப் போன இடத்தில் இறந்தவர். கல்லின் படிவக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் புதையட்டும். இரண்டு கல்லுக்கு நடுவில் செங்குத்தான இடுக்கு விட்டு அங்கே செடியை வைத்தால், இலைக்கொத்து சாய்ந்து நிற்கும், மழைநீர் தங்காது. டூஃபா என்ற துளைநிறைந்த சுண்ணாம்புக்கல் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் சாய்வாகத் துளையிட்டு, வேர்விட்ட சிறு கன்றை அதிலேயே நடலாம்.

கோடையின் நடுப்பகல்

பனிக்காலத்தில் குடை பிடித்தால் போதும் என்று இருந்துவிட முடியாது. 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதல்முறையாக 40 டிகிரி தாண்டியது. நமக்கு அது பழகிய வெயில். கப்ஷியா மெத்தைக்கு எமன். தொட்டிக்குக் கிழக்குப் பார்த்த இடமே நல்லது: காலை வெயில் உண்டு, நடுப்பகலுக்கு மேல் நிழல். வெப்ப அலை நாட்களில் நிழல்வலை கட்டி, மாலையில் கல்லையும் சுற்றுத்தரையையும் நனைத்துவிடுவேன். உச்சிவெயிலில் இலைமேல் ஊற்றுவதில்லை.

மெத்தையில் பழுப்புத் திட்டு விழுந்தால் முழுச்செடியையும் பிடுங்க வேண்டாம். காய்ந்த இலைக்கொத்துகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மணலும் சல்லியும் கலந்து நிரப்புங்கள். சுற்றியுள்ள கொத்துகள் வேர்விட்டு மெல்ல மெல்ல அந்த இடத்தை மூடிக்கொள்ளும்.

குளிர்ச்சியைக் காட்டிலும் காற்றோட்டம் முக்கியம் என்பதைப் பார்க்க வேண்டுமானால் கியூ தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 2006இல் திறந்த டேவிஸ் ஆல்பைன் ஹவுஸில் குளிர்சாதனம் வைத்துக் காற்றைக் குளிர்விப்பதில்லை. தரைக்கடியில் உள்ள கான்கிரீட் வழிகளில் குளிர்ந்த காற்று செடிகள்மேல் வீச, சூடான காற்று உயரமான கூரை வழியே வெளியேறுகிறது. வீட்டுத்தொட்டிக்கும் இதே விதிதான். கண்ணாடியால் நாலாபுறமும் அடைத்தால் பூஞ்சணத்துக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்தது போலாகும்.

பட்டினி போடுங்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா தொட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன தம்பி, கல்லுக்குள்ள நட்டு வைச்சிருக்கிறாய்? ஒரு பிடி எரு போட்டால் என்ன?” கத்தரிக்கும் பயற்றைக்கும் சரியான கேள்வி. இந்தச் செடிக்கு எரு போட்டால் இலைக்கொத்து கொழுத்து, தளர்ந்து, விரிந்துவிடும். விரிந்த கொத்தில்தான் நீர் தங்கும், தங்கினால் அழுகும். தக்காளிக்கு ஊற்றும் திரவ உரத்தைப் பாதி வீரியத்தில் கரைத்து வசந்தத்தில் ஒருமுறை கொடுத்தால் ஆண்டு முழுவதற்கும் போதும். அம்மா அன்று மாலையே அரிசி கழுவிய தண்ணீரோடு கிளம்பியபோது கறிவேப்பிலைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

வேரைத் தின்பவனும் பிடுங்கிப் போடுபவனும்

நன்றாக இருந்த செடி தொட்டதும் கையோடு வந்தால் வைன் வீவில் என்ற கூன்வண்டின் வேலை. அதன் புழு வெள்ளையாக, பழுப்புத் தலையோடு, வளைந்து கிடக்கும். வேரை அடியோடு தின்றிருக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபருக்குள், மண் வெதுவெதுப்பாக இருக்கும்போது, இதற்கென விற்கும் நூற்புழுக்களைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதே நல்ல வழி. புழு தின்ற செடியின் மேல்பாகம் பச்சையாக இருந்தால் எறியாதீர்கள்; கொத்துகளைப் பிரித்து மணலில் செருகினால் பிழைக்கும்.

அடுத்த எதிரி பிளாக்பேர்ட். நம்மூர் மைனா அளவு, கறுப்பு உடம்பு, மஞ்சள் அலகு. புழு தேடுகிறேன் என்று புதிதாக நட்ட கன்றுகளைக் கிளறி எறிந்துவிட்டுப் போகும். வேர் பிடிக்கும் வரை கோழிவலையை மேலே கவிழ்த்து வைத்தால் போதும்.

பூத்த கொத்து இறக்கும்

பூ முடிந்ததும் பூத்த இலைக்கொத்து பழுத்துக் காய்வதைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. அது இயல்பு. பனிகுலாட்டாவில் சுற்றிலும் பக்கக்கன்றுகள் இருப்பதால் குடும்பம் தொடரும். காய்ந்ததை வெட்டி எடுத்துவிட வேண்டியதுதான். பிரனீஸ் மலையின் சாக்ஸிஃப்ராகா லாங்கிஃபோலியா அப்படியில்லை. ஒற்றைக் கொத்தாகப் பல ஆண்டு வளர்ந்து, ஒருநாள் நூற்றுக்கணக்கான வெண்பூக்களோடு நீண்ட கதிர் விட்டு, விதை முற்றியதும் செத்துவிடும். வாழையைப் போலப் பக்கக்கன்று விட்டுச் செல்லாது. விதை சேர்ப்பது ஒன்றே வழி. அக்கம்பக்கத்தில் வேறு சாக்ஸிஃப்ரேஜ் பூத்திருந்தால் விதையில் கலப்பு விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விதை தூசி மாதிரி இருக்கும். டிசம்பர், ஜனவரியில் சல்லிமண்மேல் தூவி, மூடாமல் வெளியிலேயே குளிரில் விட்டால் வசந்தத்தில் முளைக்கும். பக்கக்கன்று இன்னும் எளிது. பூ முடிந்தபின் ஒரு கொத்தைச் சிறு தண்டோடு கிள்ளி, கீழ் இலைகளைக் கழற்றி, கூர்மணலில் செருகி நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வேர்விடும்.

அப்படி வேர்விட்ட முதல் கன்றை நீங்களே வைத்துக்கொள்ளாதீர்கள். தோட்டம் உள்ள ஒரு நண்பருக்குக் கொடுங்கள். சல்லி போடச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஏதோ ஒரு ஈரமான பனிக்காலம் உங்கள் செடியைக் கொண்டுபோய்விடலாம். அப்போது அவர் வீட்டுச் செடியிலிருந்து ஒரு கொத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அரிய மலைச்செடிகளை இங்கே பல தோட்டக்காரர்கள் கைவிட்டுப் போகாமல் காப்பாற்றி வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.