செல்போன் விளையாட்டு: எதுவரை சரி?

பழனிசெட்டிபட்டியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது செல்போனில் விளையாடுகிறோம். அதில் தப்பில்லை. 1997இல் நோக்கியா போனில் வந்த பாம்பு விளையாட்டு காசு கேட்கவில்லை. 2012இல் வந்த கேண்டி கிரஷும் இலவசம்தான். ஆனால் 5 'லைஃப்' தீர்ந்தால் ஒன்றுக்கு அரை மணி நேரம் காத்திருக்கணும். அவசரப்பட்டால் காசு கேட்கும். அங்கேயே போனைக் கீழே வைப்போம்.

பணம் கட்டி ஆடும் ஆட்டம் வேறு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் இயற்றி அதைத் தடை செய்தது.

நினைவில் வைப்போம்:

1. யுபிஐ பின் நம்பரைப் பிள்ளைகளிடமும் சொல்லக் கூடாது.

2. "பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்றால் நம்பக் கூடாது. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

3. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் பேசணும், குழுவிலும் சொல்லணும்.

சிறுகச் சிறுகச் சேர்த்த சந்தாப் பணம் ஒரு விரல் தட்டலில் போகலாமா?