தூதரும் துணைச்சொல்லும்

தனித்து நிற்கும் சொல்லினும் துணையோடு வரும் சொல்லே பொருளை இனிது விளக்கும். எச்சொல்லோடு எச்சொல் சேரும் என்பதை உலக வழக்கே முடிவு செய்கின்றது. கனமழை என்கின்றோம், கடும்வெயில் என்கின்றோம், கனவெயில் என்பார் ஒருவரும் இலர்.

'தூதர்' என்னும் சொல்லைக்கொண்டு இவ்வுண்மையைத் தெளிவோம். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் வட்டத்தில் உள்ளது அனுமந்தன்பட்டி. அவ்வூர்ப் பெயரில் விளங்கும் அனுமனை 'இராமதூதன்' என்று போற்றுவர். அங்கு வாழும் கிறித்தவ மக்கள், இறைவனின் ஏவல் கேட்டு நடப்போரை 'வானதூதர்' என்பர். உயிர்கவர வருவோரை 'எமதூதர்' என்பது நாட்டு வழக்கு. தூதர் என்னும் சொல் ஒன்றே. முன்னே நிற்கும் துணை மாறப் பொருளும் மாறுகின்றது. இராமதூதன் என்றால் நெஞ்சம் குளிர்கின்றது; எமதூதன் என்றால் நடுங்குகின்றது.

வானதூதரை ஆங்கிலேயர் 'ஏஞ்சல்' என்பர். தூதுவன் எனப் பொருள்படும் 'ஆங்கெலோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம். ஆதலின், தமிழில் தூதர் என்று பெயர்த்தது சாலப் பொருத்தமே. ஆங்கிலச் சொல்லுக்கும் உரிய துணைகள் உண்டு. மிக்கேல், கபிரியேல் முதலிய தலைமைத் தூதர் 'ஆர்க்ஏஞ்சல்' எனப்படுவர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரை 'அதிதூதர்' என்பர். இறைவனுக்குப் பணியாது நிலைதாழ்ந்த தூதன் 'ஃபாலன் ஏஞ்சல்'. ஒவ்வொருவரையும் காத்து நிற்பவர் 'கார்டியன் ஏஞ்சல்'; அவரே தமிழில் 'காவல்தூதர்'. முன்னாளில் அவரைக் 'காவல் சம்மனசு' என்றும் வழங்கினர். அக்டோபர் 2 ஆம் நாள் கத்தோலிக்கர் அவருக்கு விழா எடுக்கின்றனர். காவலைக் குறிப்பதுதானே என்று எண்ணி, 'கார்டியன்' இருக்குமிடத்தில் 'வாட்ச்மேன்' என்னும் சொல்லை வைத்தால், கேட்போர் நகைப்பர்.

மொழிபெயர்ப்போர் இடறும் இடம் ஒன்றும் உண்டு. உற்ற வேளையில் உதவியவரை ஆங்கிலேயர் 'ஏஞ்சல்' என்றே பாராட்டுவர். அதனை, 'நீர் ஒரு தேவதூதர்' என்று பெயர்த்தால் நன்றி புலப்படாது. 'தெய்வம்போல் வந்து உதவினீர்' என்பதே தமிழ் மரபு. சொல்லை மட்டும் பெயர்ப்பவர் பொருளை இழப்பர். வழக்கை அறிந்தவர் பொருளைக் காப்பர்.

ஆதலின் மாணவர்களே, புதுச்சொல் ஒன்றைக் கற்கும்பொழுது அதன் பொருளை மட்டும் குறித்துக்கொள்ளுதல் போதாது. அதனோடு இணைந்து வரும் சொற்களையும் உடன் எழுதிப் பழகுங்கள். தூது சென்ற அனுமன் 'சொல்லின் செல்வன்' எனப் புகழ்பெற்றது, சொல்லத் தக்கதைச் சொல்லத் தக்க முறையில் சொன்னமையால் அன்றோ!

பயிற்சி
1. 'தூதர்' என்னும் சொல் துணைச்சொல்லால் பொருள் வேறுபடுமாற்றை விளக்குக.
2. 'மழை', 'காவல்' என்பவற்றோடு இணைந்து வரும் சொற்களைத் தொகுத்து எழுதுக.