மென்பொருளுக்குப் பராமரிப்புச் செலவு அவசியமா?

பம்பு செட் வாங்கும் குடியானவர் எவரும், கொடுத்த விலையோடு செலவு தீர்ந்துவிட்டதாக எண்ணுவதில்லை. மோட்டாரின் காயில் கருகலாம்; வாஷர் தேயலாம்; புட்வால்வில் மண் அடைக்கலாம். இவற்றுக்கென ஆண்டுக்கு ஒரு தொகை ஆகும் என்பது அவருடைய கணக்கில் முன்னதாகவே இருக்கும். ஆயினும், அதே குடியானவர் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருக்கும் சங்கத்துக்கோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கோ, கணக்கெழுதும் மென்பொருளுக்கான ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்டுக் கடிதம் வந்தால், "ஒரு முறை விலை கொடுத்து வாங்கியாயிற்று, அதுவும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபடியும் எதற்குப் பணம்?" என்ற வினா எழுகிறது. வினா நியாயமானதே. உறுப்பினர்களின் பணத்திலிருந்து செல்லும் ஒவ்வொரு ரூபாய்க்கும் காரணம் கேட்பது நிர்வாகக் குழுவின் கடமை. கட்டணத்தைக் கட்டியே தீர வேண்டும் என்றோ, வேண்டவே வேண்டாம் என்றோ பொதுவாகக் கூறிவிட இயலாது. எதன் பொருட்டுக் கட்டுகிறோம் என்பதைப் பிரித்தறிந்தால் விடை விளங்கும். அதனை இங்கு ஆராய்வோம்.

மென்பொருள் இரும்பைப் போல் துருப்பிடிப்பதில்லை. தோலைப் போல் தேய்வதுமில்லை. 2015-ஆம் ஆண்டில் சரியாகக் கூட்டிய கணக்கை அது 2025-இலும் சரியாகவே கூட்டும். அப்படியிருக்கப் பழுது எங்கிருந்து வருகிறது? ஏரி மதகை எடுத்துக்கொள்வோம். மதகு கட்டியபடியே உறுதியாக நிற்கிறது. ஆனால் வாய்க்காலில் வண்டல் படிந்து தரைமட்டம் உயர்ந்துவிட்டால், குறையேதுமற்ற அந்த மதகே பாசனத்துக்கு உதவாமற் போய்விடும். மென்பொருளின் நிலையும் இதுவே. அது மாறாதிருக்க, அதைச் சுற்றியுள்ள சட்டங்கள் மாறுகின்றன. அது குடியிருக்கும் கணிப்பொறி மாறுகிறது. அதன் பூட்டைத் திறக்கும் வழிகளைத் திருடர்கள் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கின்றனர்.

சட்ட மாற்றத்தை முதலில் பார்ப்போம். 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மதிப்புக் கூட்டு வரிக்கென எழுதப்பட்டிருந்த கணக்கு மென்பொருள்கள் ஒரே இரவில் பழையனவாயின. மத்திய வரி, மாநில வரி எனப் பிரித்துக் காட்டும் பட்டியல், பொருளுக்குரிய குறியீட்டு எண், அரசுக்கு அனுப்ப வேண்டிய கணக்கின் வடிவம் ஆகிய யாவும் புதியவை. ஆண்டுச் சந்தா முறையில் இயங்கும் மென்பொருள்களில், சந்தா நடப்பிலிருந்தவர்கள் புதிய பதிப்பைத் தனி விலையின்றிப் பெற்றனர். சந்தாவை விட்டிருந்தவர்கள் முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. இதற்கு மாறாக, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் பல வேளாண் கருவிகளுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மென்பொருளை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை; கணக்கர் வரிவிகித அட்டவணையில் எண்ணைத் திருத்தினாலே போதும். எண் மாறுவது வேறு, முறை மாறுவது வேறு. எண் மாறியதற்கெல்லாம் புதிய பதிப்பு வாங்க வேண்டும் என்று எவரேனும் வந்து சொன்னால், நிர்வாகக் குழுவினர் சற்று நிதானித்து விசாரிப்பது நன்று.

கம்பெனியாகப் பதிவாகியுள்ள உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கெழுதப் பயன்படுத்தும் மென்பொருள், பதிவுகளில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளோடு தானே குறித்து வைப்பதாக இருத்தல் வேண்டும். அக்குறிப்பை நிறுத்தி வைக்க வழியிருத்தலாகாது. 2021-இலேயே நடைமுறைக்கு வருவதாயிருந்து, இரு முறை தள்ளி வைக்கப்பட்ட விதி இது. தணிக்கையாளரும் தம் அறிக்கையில் இதைப் பற்றிக் கூறியாக வேண்டும். 2016-இல் வாங்கிய பதிப்பு எவ்வளவு செம்மையாக ஓடினாலும், இவ்வசதி அதில் இல்லையெனில் அதைக் கொண்டு கணக்கெழுதுவது விதிக்கு முரணாகும். இது வெறும் சடங்கன்று. உறுப்பினர் கொணர்ந்த மூட்டையின் எடையை ஒருவர் பதிந்துவிட்டுப் பிற்பாடு மற்றொருவர் குறைத்து எழுதினால், அது மறைந்து போகாமல் நிற்கும் என்பதே இவ்விதியின் பயன். காகிதப் பேரேட்டில் அடித்து எழுதினால் கண்ணுக்குத் தெரியும். பழைய மென்பொருளில் அழித்து எழுதினால் சுவடே தெரியாது. எனவே இத்தகைய புதுப்பிப்புக்குப் பணம் கட்டுவதில் தயக்கம் வேண்டுவதில்லை.

அடுத்தது, மென்பொருள் குடியிருக்கும் கணிப்பொறி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதன் பின் வந்த விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018-க்கு முற்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில் முறைப்படி ஏறாது. பழைய கணிப்பொறியிலேயே திருத்தங்களைத் தொடர்ந்து பெற விரும்பும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் வகுத்துள்ள கட்டணம், கணிப்பொறி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர். அடுத்த ஆண்டு அதில் இரு மடங்கு. மூன்றாம் ஆண்டு மீண்டும் இரு மடங்கு. மூன்றாண்டுக்கும் கூட்டினால் 427 டாலர் ஆகிறது. அடுத்த வரவு-செலவுத் திட்டத்தில் புதிய கணிப்பொறிக்கு நிதி ஒதுக்கும் வரை ஓராண்டு தாக்குப்பிடிக்க இது உதவும். மூன்றாண்டும் கட்டுவது, கறவை வற்றிய மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்கிப் போடுவது போலாகும் என்பது நமது கருத்து.

இனி, திருடர் விஷயம். 1904-இல் திருவள்ளூருக்கு அருகிலுள்ள திரூரில் கூட்டுறவுச் சங்கம் பதிவான காலத்திலிருந்து நெடுங்காலம் வரை, சங்கத்து ஏடுகளுக்குப் பகையாக இருந்தவை கரையானும் மழைநீருமே. இன்று அந்த ஏடுகள் கணிப்பொறிக்குள் சென்றுகொண்டிருக்கின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க ரூ.2,516 கோடியில் ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூனில் ஒப்புதல் அளித்தது. சங்கம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.4 லட்சம் என்று இது அமையும். அந்த ஏடுகளில் இருப்பது என்ன? இன்னார் இவ்வளவு பயிர்க்கடன் பெற்றார், இன்னாருடைய நகை இத்தனை கிராம் அடகில் உள்ளது என்பதே. 2021-இல் நம் மாநிலத்தில் ரூ.12,110 கோடிப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஆதாரமாக நின்றவை சங்கங்களின் பதிவுகளே. அவை மறைந்தால் மறைவது குடியானவரின் உரிமை.

2017 மே 12-ஆம் தேதி உலகெங்கும் பரவிய 'வானாக்ரை' என்னும் நச்சுநிரல், கணிப்பொறியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்கு 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் 236 அரசு மருத்துவமனை அமைப்புகளில் ஏறத்தாழ 80 இதனால் பாதிக்கப்பட்டன. எங்கோ நகரங்களில் நடந்த செய்தி என்று நாம் இதை ஒதுக்கிவிட இயலாது. கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டை மாவட்டங்களின் சில கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களில், திங்கட்கிழமை காலை ஊழியர் கணிப்பொறியைத் திறந்தபோது அதே அறிவிப்புத்தான் திரையில் நின்றது. கவனிக்க வேண்டியது யாதெனில், இந்நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியாகியிருந்தது. அப்போது ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அது இலவசமாகவே கிடைத்தது. உலக அளவில் பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அத்திருத்தத்தை ஏற்றிக்கொள்ளாத விண்டோஸ் 7 கணிப்பொறிகள். ஆக, பராமரிப்பில் மிகவும் இன்றியமையாத பகுதிக்குப் பல வேளைகளில் பணமே தேவைப்படுவதில்லை. வாரம் ஒரு முறை அரைமணி நேரம் அதற்கென அமரும் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவே.

புதுப்பிப்பு எல்லாம் நன்மையே தரும் என்றும் கொள்ளலாகாது. 2024 ஜூலை 19-ஆம் தேதி, பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அனுப்பிய பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் ஒரே நாளில் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பயணிகளுக்கு அனுமதிச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அதே மாத இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை அளித்து வந்த ஒரு நிறுவனம் தாக்குதலுக்கு உள்ளானதால், கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் மின்னணுப் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் தடைப்பட்டது. பராமரிப்பை ஒருவரிடம் ஒப்படைத்தால் அவருடைய கவனக்குறைவும் நம்மைச் சேரும் என்பதை இதிலிருந்து அறியலாம். அலுவலகத்தில் நான்கு கணிப்பொறிகள் இருக்குமாயின், முதலில் ஒன்றில் மட்டும் புதுப்பிப்பை ஏற்றிப் பார்த்து, இரண்டொரு நாள் கழித்து மற்றவற்றில் ஏற்றுவது விவேகமானது.

நிற்க, பணக் கணக்குக்கு வருவோம். மென்பொருளின் விலையில் 15 முதல் 22 சதவீதம் வரை ஆண்டுக் கட்டணமாகக் கேட்பது இத்தொழிலில் வழக்கம். ரூ.50,000 விலையுள்ள மென்பொருளுக்கு 18 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம். நான்காண்டுக்கு ஒரு முறை புதிய பதிப்பு வாங்கியே தீர வேண்டிய நிலை வருமாயின், கட்டணம் ரூ.36,000, புதிதாக வாங்குவது ரூ.50,000. பராமரிப்பே இலாபம். எட்டாண்டுக்கு ஒரு முறைதான் அந்நிலை வருமெனில், கட்டணம் ரூ.72,000 ஆகிவிடும், அப்போது கட்டாமல் இருந்தவரே ரூ.22,000 மிச்சம் பிடித்தவராவார். மேலே கூறிய இரு சட்ட மாற்றங்களுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஆறாண்டு. அதன்படி கட்டணம் ரூ.54,000, புதிய விலை ரூ.50,000. தராசு முள் கிட்டத்தட்ட நடுவிலேயே நிற்கிறது. விற்பவர் கூறுவது போல் பராமரிப்பு பெரும் சிக்கனமுமன்று. உறுப்பினர்கள் ஐயுறுவது போல் வீண் செலவுமன்று.

ஆதலின், முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று. அறுவடை நாளில், வாயிலில் இருபது வண்டிகள் காத்திருக்கும்போது கணிப்பொறி நின்றுவிட்டால், எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார்? ஒப்பந்தத்தில் இதற்கு எழுத்து மூலமான விடை இருக்குமாயின் அந்த ரூ.9,000 தகும். "இயன்ற விரைவில்" என்று மட்டும் எழுதியிருந்தால், அது விடையாகாது. புதிய வண்ணத் திரைகளும், நாம் ஒருபோதும் கேட்டறியாத அறிக்கைகளும் ஆண்டுதோறும் தருவதாகச் சொல்லும் ஒப்பந்தங்களும் உள்ளன. ஐம்பது உறுப்பினர் கொண்ட பால் சங்கத்துக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை. அங்கே வரவும் செலவும் எளியவை. சட்டமும் அடிக்கடி மாறுவதில்லை. நல்ல நகலொன்றை வைத்துக்கொண்டு, பழுது நேரும்போது மட்டும் பணம் கொடுத்துச் சரிசெய்வதே அதற்குப் பொருந்தும்.

நகலைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் பலர் மயங்குமிடம் இதுவே. "கணிப்பொறிக்கு ஏ.எம்.சி. போட்டிருக்கிறோம்" என்று கூறி நிம்மதியாக இருக்கும் அலுவலகங்கள் பல. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் திரை, அச்சுப்பொறி, மின்கல அடுக்கு ஆகியவற்றின் பழுதை மட்டும் நீக்கித் தருவது. உள்ளே இருந்த கணக்கு அழிந்தால் அது பொறுப்பேற்காது. அன்றாட வேலை முடிந்ததும் கணக்கைத் தனி வட்டு ஒன்றில் நகலெடுத்து, அவ்வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றிப் பெட்டகத்தில் வைத்தல் வேண்டும். கழற்றாமல் செருகியே வைத்திருந்தால், நச்சுநிரல் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். மாதம் ஒரு முறை அந்நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கணக்கு முழுமையாக வருகிறதா என்றும் பார்த்தல் வேண்டும்.

விலையில்லா மென்பொருள்களைப் பற்றியும் வினவுவோர் உளர். கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணிப்பொறியில் உபுண்டு போன்றதொன்றை ஏற்றினால், நெடுநாள் ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் விலையின்றிக் கிடைக்கும். கடிதம், தீர்மானம், பெயர்ப் பட்டியல் போன்ற வேலைகளுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் சங்கத்தின் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டதாயின், மாற்றுவதற்கு முன் அது அங்கு ஓடுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமத்துக்கு விலையில்லை என்பதால் பார்த்துக்கொள்ளும் ஆளும் வேண்டாம் என்று பொருளன்று.

பராமரிப்பைக் கைவிடுவதெனத் தீர்மானிக்கும் குழு, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். இடையில் விட்டு மீண்டும் சேருவோரிடம் விட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் நம் கணக்கு விவரங்கள் வேறு மென்பொருளில் திறக்கத் தக்க வடிவில் நம் கைக்கு வருமா என்பதையும் அப்பக்கமே கூறும்; கூறாவிடில், கையெழுத்திடும் முன்பே எழுதி வாங்க வேண்டும். கம்பெனியாகப் பதிவானவை தம் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டுகளுக்குக் காத்து வைப்பது சட்டக் கடமை. புதிய மென்பொருளுக்கு மாறிய பின்னர், பழைய கணிப்பொறி ஒன்றில் பழைய பதிப்பை அப்படியே வைத்திருந்து, இணைய இணைப்பை நீக்கிவிட்டு, தணிக்கையாளர் கேட்கும்போது மட்டும் திறந்து காட்டலாம். அதன் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பெட்டகத்துச் சாவியுடன் செயலாளர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். செயலாளர் மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலில் அந்த உறையும் ஓர் உருப்படியாக இடம்பெற வேண்டும்.