தாயத்தாரும் சந்தானத்தாரும்

முன்னோர் பொருளைப் பின்னோர் எய்தும் உரிமை 'தாயம்' எனப்படும். அவ்வுரிமை உடையார் 'தாயத்தார்' எனப்படுவர். இச்சொல்லை வடநூலார் கொடைப்பொருள் தரும் 'தா' என்னும் பகுதியின்வைத்து விளக்குவர். 'தாய்' என்பதனோடு இயைத்துக் கூறுவாரும் உளர். பண்டை வழக்கில் இஃது அரசுரிமையைக் குறித்தமை, சோழன் நலங்கிள்ளி பாடிய புறப்பாட்டானும் பட்டினப்பாலையானும் பெறப்படும். உலக வழக்கிலோ, தாயாதி என்றவழிப் பங்காளியே நினைவிற்கு வருவன். தாயாதி வழக்கு, பங்காளிக் காய்ச்சல் என்னுந் தொடர்கள் பகைமைப் பொருளில் வழங்குதல் யாவரும் அறிந்ததே.

உரிமைச்சொல் பகைமைச்சொல்லாயது என்னையெனின், தாயத்தின் இயல்பே அதற்குக் காரணமாம். அது பிறப்பான் வருவது, பகுக்குந்தோறும் குறைவது, ஒருவர் கைப்பட்டது மற்றொருவர்க்கு ஆகாதது. மிதாட்சரம் இயற்றிய விஞ்ஞானேசுவரர் தாயத்தைத் தடையில்லாதது, தடையுள்ளது என இருவகைப்படுத்து, மகனுக்குத் தந்தைவழிச் சொத்தில் உரிமை பிறந்தபோதே உண்டாம் என்றார். 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மிதாட்சர வழிக் குடும்பத்து மகளிர்க்கும் அவ்வுரிமையை வழங்கிற்று. உரிமையாளர் தொகை விரிந்ததேயன்றிப் பிறப்பென்னும் அடிப்படை மாறிற்றிலது.

இனி, நம் சித்தாந்த மரபு கொண்ட சொல் 'சந்தானம்' என்பது. இடையறாத் தொடர்ச்சி என்பது இதன் பொருள். உலகர் இதனை மகப்பேற்றிற்கு வழங்க, நம்மாசிரியர் ஞானத் தொடர்ச்சிக்கு வழங்கினர். மெய்கண்டார், அருணந்தியார், மறைஞானசம்பந்தர், உமாபதியார் என்னும் நால்வரும் புறச்சந்தானத்தார். இவருள் அருணந்தியார் மெய்கண்டாரின் தந்தையார்க்குக் குலகுருவாய் இருந்தவர், ஆண்டில் மூத்தவர், சகலாகம பண்டிதர் எனப் பெயர் படைத்தவர். அவர் இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரை அடைந்து மாணாக்கராயினார் என்பது மரபு. தாயம் மூத்தாரினின்று இளையார்க்கு இறங்கும். இஃதோ இளையாரினின்று மூத்தார்க்குச் சென்றது. தில்லைவாழந்தணராகிய உமாபதியாரும் குலத் தொடர்பு நோக்காது மறைஞானசம்பந்தரை அடைந்தார். அன்றியும், ஞானம் பகுத்தாற் குறைவதன்று. கொடுத்தார்பால் இல்லையாவதும் அன்று. ஆகலின் தாயாதி வழக்கிற்கு இங்கு இடமில்லை.

அற்றேல், ஆதீனங்கட்கு நிலமும் பொருளும் உளவன்றே? அவற்றைப் பெறுவார் தாயத்தார் ஆகாரோவெனின், ஆகார் என்க. அப்பொருள் பூசைக்கும் அறத்திற்கும் உரியது; பட்டத்திற்கு வந்தார் அதனைக் காப்பவரேயன்றிப் பங்கு கொள்பவரல்லர். துறவியின் சொந்தப் பொருளைக் குறித்தும் தருமநூல் கூறுவது கருதத்தக்கது. யாஞ்ஞவல்கியம் அதற்கு உரியவனாகச் சற்சீடனைக் கூறும். மிதாட்சரமோ, ஞானநூலைக் கேட்டலும், கேட்டதை உளங்கொள்ளலும், கொண்டவழி ஒழுகலும் வல்லவனே சற்சீடன் என விளக்கி, ஒழுக்கங்கெட்டவன் ஆசிரியனேயாயினும் உரிமை எய்தான் என வரையறுத்தது. பிறப்புரிமையை வகுத்த நூலே துறவியிடத்துத் தகுதியுரிமையை நாட்டிற்று. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நம் நூல்கள் கூறும் முறையோடு இது பெரிதும் ஒத்தல் காண்க.

இக்காலத்து ஆதீனத்தின் அடுத்த தலைவரை 'வாரிசு' என எழுதுவாரும் உளர். அரபு மொழியினின்று வந்த அச்சொல் சொத்துரிமைக்கு ஏற்புடையதே. ஆயினும் மடத்திற்கு வழங்குமிடத்து, பெறுவது பொருள் என்றும், பெறுதற்கு ஏது உறவு என்றும் இரு பிழைகளை ஒருங்கே உள்ளத்திற் புகுத்தும். 'சின்னப்பட்டம்' என்னும் பழஞ்சொல் இருக்க, இது வேண்டப்படுவதன்று. 'பரம்பரை' என்பதும் ஒருவர்பின் ஒருவர் என்னும் துணையே பொருள் தருவது. திருக்கயிலாய பரம்பரை என்புழிக் குருதித் தொடர்பு பேசப்படவில்லை.

ஆதலின் பொருள்வழி உரியாரைத் தாயத்தார் என்றும், குடிவழி வந்தாரை வழித்தோன்றல் என்றும், அருள்வழி வந்தாரைச் சந்தானத்தார் என்றும் வேறு தெரிந்து வழங்குக. சந்தானத்தார் எனத் தம்மைக் கூறிக்கொள்வார், தாம் பெற்றது யாது, அதனைக் கேட்டு உளங்கொண்டு ஒழுகினோமா எனத் தம்மை வினவுதல் கடன். யாமும் அவ்வினாவிற்கு உட்பட்டாரே.